நீதிபோதனை பீரியடில் கணக்கு டெஸ்ட்



என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நீதிபோதனை. இந்த வருஷம் ஒருநாளாவது நடந்ததா என்று கேட்டேன். "அது கணக்கு டெஸ்ட் பீரியட் தாத்தா" என்றாள். நானும் வாத்தியார் வேலை பார்த்தவன்தான்; நானும் அந்த பீரியடைக் கடன் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்ததில்லை.

காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதை 2024 செப்டம்பரில் பார்த்தோம். சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஒருவர், உடற்குறையோடு பிறப்பதை முற்பிறவிப் பாவத்தோடு முடிச்சுப் போட்டார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே தட்டிக் கேட்டார். பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் மாற்றப்பட்டார். கேட்டைச் சாத்தியாயிற்று, சரி. உள்ளே பாடம் நடக்கிறதா?

அந்த மாதிரிப் பேச்சு எங்கள் ஊரில் என்ன செய்யும் என்று பாருங்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு ஆலையின் எண்ணெய்க் கழிவும் எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அதை பக்கெட்டில் மொண்டவர்கள் எங்கள் மீனவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒருவர் வந்து 'போன ஜென்மத்துப் பாவம்' என்றால், ஆலையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்காக வினைக்கொள்கையை மறைக்கச் சொல்லவில்லை. சைவரும் சமணரும் பௌத்தரும் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், எங்கே முட்டிக்கொண்டார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் மறுபிறவியை ஏன் ஏற்கவில்லை என்பதையெல்லாம் விஷயம் தெரிந்த ஆசிரியர் பாடமாக நடத்தட்டும். 'இதை நம்பு' என்பது வேறு, 'இவர்கள் இப்படி நம்புகிறார்கள்' என்பது வேறு.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. மதங்களைப் பற்றிக் கற்பிப்பது அதில் வராது என்று அருணா ராய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்குநேரியில் மாணவரிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் வாரந்தோறும் அறநெறி வகுப்பு வேண்டும் என்றது. அறிக்கை 2024 ஜூனில் அரசின் கைக்குப் போனது.

இலங்கையில் சமயம் கட்டாயப் பாடம்தான். ஆனால் சைவப் பிள்ளை சைவம் படிக்கும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாம் படிக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரன் சாமி கும்பிடுவது எப்படி என்று இருவருக்குமே தெரியாது. அப்படியொரு பாடத்தை நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் பஸ் போகும் வழியிலேயே இருக்கிறது. எண்ணூரில் ஏறினால் திருவொற்றியூரில் தேவாரப் பாடல் பெற்ற சிவன் கோயில், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. இராயபுரத்தில் பேதுரு ஆலயம். இராயப்பர் என்று தமிழர் அழைத்தது அந்தப் பேதுருவைத்தான் என்பது, தினமும் அந்த வழியே போகும் என் பேரனுக்கே தெரியாது. அதே இராயபுரத்தில் 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில். இன்னும் கொஞ்சம் போனால் மண்ணடி மசூதிகள்.

பள்ளிக் கல்வித் துறை இதற்கென ஒரு பாடநூல் எழுதுவித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். அதுவரைக்கும், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முகத்துவாரக்குப்பம், எண்ணூர்.