கதவைத் திறந்தவரும் அந்நியரே

விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவோர் எபிரேய வேதத்தின் ஆபிரகாமை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். உச்சி வெயிலில், மம்ரேயின் மரங்களருகே, கூடார வாசலில் அமர்ந்திருந்த அந்த முதியவர், முன்பின் அறியாத மூவரைக் கண்டதும் எதிர்கொண்டு ஓடுகிறார். சிறிது அப்பம் தருவதாகச் சொல்லி அழைத்தவர், இளங்கன்றின் இறைச்சியும் வெண்ணெயும் பாலும் படைக்கிறார்.

ஆனால், பலரும் கவனியாது விடும் ஒரு செய்தி உண்டு. ஆபிரகாம் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் அல்லர். மனைவி சாராள் இறந்தபோது அடக்கம் செய்வதற்குக்கூட அவருக்கு ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. தாம் அந்நியர் என்று ஏத்தின் மக்களிடம் கூறி, 400 சேக்கல் வெள்ளி கொடுத்தே அவர் அந்த நிலத்தை வாங்கினார்.

சோதோமில் வழிப்போக்கர் இருவரை வீட்டுக்கு அழைத்த லோத்தும் வெளியிலிருந்து வந்து குடியேறியவரே. வாசலில் திரண்ட ஊரார் அதைச் சொல்லியே அவரை ஏசுகின்றனர். விருந்தினரைக் காப்பதற்காகத் தமது புதல்வியரைக் கும்பலிடம் விட அவர் முன்வந்ததை என்னால் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. தனி மனிதரின் விருந்தோம்பலை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அது காட்டுகிறது.

மோசேயின் சட்டம் அதனை ஒரு கடமையாகவே ஆக்கியது. வயலின் ஓரத்துக் கதிர்களை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும். மோவாபியப் பெண்ணான ரூத், பெத்லெகேமில் கதிர் பொறுக்கியது இந்த வழக்கப்படியே. இதற்குச் சட்டம் கூறும் காரணம், எகிப்தில் அந்நியராக வாழ்ந்தவர்களுக்கு அந்நியரின் மனம் தெரியும் என்பதாகும்.

அந்நியர் விடயத்தில் வேதம் 36 இடங்களில் எச்சரிப்பதாகத் தல்மூத் கணக்கிடுகிறது. 46 என்று கூறுவோரும் உண்டு. இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்ததெனில், மனிதர் எவ்வளவு விரைவில் மறந்துவிடுகின்றனர் என்பதை ஊகிக்கலாம்.

இந்த மறதி நம்மவரிடமும் உண்டு. 1983 ஜூலைக்குப் பின்னர் பிற நாடுகளின் கதவைத் தட்டியவர்களுள் சிலர், இன்று அங்கு புதிதாக வரும் அகதிகளைப் பழித்துப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். தமக்கும் ஒருவர் கதவைத் திறந்துவிட்ட அந்த நாளை அவர்கள் ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.