ஒரு வாளி போதும்



சில மாதங்களுக்கு முன் நமக்குப் பழக்கமான ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்தின் மூலையிலிருந்த கண்ணாடி மீன்தொட்டி வெறுமையாய்க் கிடந்தது. "மீன்கள் எங்கே, தம்பி?" என்று அவ்வீட்டுச் சிறுவனை வினவினோம். அவன் தலைகவிழ்ந்தான். "எல்லாம் செத்துப் போயின, சாமி. தொட்டியை நன்றாகத்தானே கழுவினோம்?" என்றான்.

நடந்ததை அவன் தாயார் விவரித்தார். மூன்று மாதமாக நீர் மாற்ற நேரம் வாய்க்கவில்லை. நீர் கலங்கவே, ஒரு விடுமுறை நாளில் முழுவதையும் குவளையால் இறைத்துக் கொட்டினர். கற்களையும் வடிகட்டியின் ஸ்பாஞ்சையும் சோப்பிட்டுத் தேய்த்தனர். குழாய்நீரை நேரே நிரப்பினர். மூன்றே நாளில் ஆறு மீன்களும் மடிந்தன. இடுப்புவலியால் அவதியுற்ற தகப்பனாரோ, "இனி இந்த வீட்டில் மீன் வேண்டாம்" என்று முடிவாகக் கூறிவிட்டார். சிறுவனோ, தானே அவற்றைக் கொன்றதாக எண்ணி உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தான்.

அன்பர்களே, அங்கே அக்கறைக்குக் குறைவில்லை; அறியாமையே கேடு செய்தது. மீன்கள் தம் செவுள்களின் வழியே அம்மோனியா என்னும் நஞ்சை வெளியேற்றுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வகை நுண்ணுயிர்களைப் பற்றி 1890ஆம் ஆண்டளவிலேயே ருசிய அறிஞர் செர்கேய் வினோகிராத்ஸ்கி ஆராய்ந்து கூறினார். அவை குடியிருப்பது கற்களிலும் ஸ்பாஞ்சிலுமே. சோப்பும் குழாய்நீரின் குளோரினும் அவற்றை அழித்துவிட, அம்மோனியாவை மாற்றுவதற்கு ஆளில்லாமற் போயிற்று. குளோரின் மீன்களின் செவுள்களையும் நேரே புண்ணாக்க வல்லது. ஆகவே, நீரை முழுவதும் மாற்றுவது தூய்மையன்று. மீன்களுக்கு அது பேராபத்தே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். முழுவதையும் மாற்றுபவர் 50 கிலோ எடையை வெளியே சுமந்து, மீண்டும் 50 கிலோவை உள்ளே சுமக்கிறார். நாலில் ஒரு பங்கோ ஏறத்தாழ 12 லிட்டர், ஒரே வாளி! அந்த ஒரு வாளியையும் சுமக்காதிருக்க வழியுண்டு.

முதலாவது, விரற்பருமனுள்ள ரப்பர் குழாய் ஒன்றை வாங்குங்கள். அதனை நீரால் நிரப்பி, இரு முனைகளையும் பெருவிரல்களால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டி நீருக்குள்ளும் மறுமுனையைத் தரையிலுள்ள வாளியிலும் விட்டு விரல்களை எடுங்கள். வெளிமுனை தொட்டியின் நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கும்வரை நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டுவதில்லை. உள்முனையைக் கற்களின்மேல் மெல்ல நகர்த்தினால் அழுக்கும் உடன் வந்துவிடும். சிறுமீன்கள் உள்ளே இழுபடாதிருக்க அம்முனையில் வலைத்துணி கட்டலாம்.

இரண்டாவது, தொட்டியைவிட உயரமான உறுதியான மேசைமேல் வெறும் வாளியை முதல்நாளே வைத்து, குவளையால் சிறுகச் சிறுக நிரப்புங்கள். கொசு புகாதபடி மெல்லிய துணியால் மூடி, ஒருநாள் விட்டுவையுங்கள். குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். நீரும் அறையின் வெப்பநிலையை அடைந்துவிடும். சில ஊர்களின் குடிநீரில் குளோரமைன் சேர்க்கப்படுகிறது. அது இவ்வாறு நீங்காது. அங்கே வண்ணமீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைப் பயன்படுத்துங்கள். பின்னர் காற்றுக்குழாய் போன்ற மெல்லிய குழாயால் மேசைமேலுள்ள நீரைத் தொட்டிக்குள் இறக்குங்கள். சிறிது நேரம் பிடிக்கும். ஆனால் தோள் வலிக்காது, மீன்களும் மிரளா.

மூன்றாவது, இப்பணிக்கென்று தனி வாளி ஒன்றை ஒதுக்குங்கள். அதில் சோப்பு படவே கூடாது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து இறக்கிய பழைய நீரிலேயே மெல்லப் பிழிந்து அலசுங்கள். எவ்வளவு நீர் இறங்க வேண்டுமென்பதைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு கோட்டால் குறித்துவைத்தால் சிறுவரும் அளவறிந்து செய்வர். கையை நீரில் இடுமுன் மோட்டார், விளக்கு முதலியவற்றின் மின்னிணைப்பை நீக்க மறவாதீர்கள். இதனைப் பெரியவர்களே செய்க. இறக்கிய நன்னீரில் நைட்ரேட் உண்டு. முற்றத்துக் கறிவேப்பிலைக்கு அது நல்லுரம். உணவையும் சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே இடுங்கள். மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும்.

நெடுநாள் நீர் மாற்றாத தொட்டியா? அஞ்சி ஒரே நாளில் அனைத்தையும் கொட்டிவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கு வீதம் சில நாள் தொடர்ந்து மாற்றிவந்தால் மீன்கள் புதுநீருக்குப் படிப்படியாய்ப் பழகும்.

இவற்றையெல்லாம் அச்சிறுவனுக்குப் பொறுமையாய் விளக்கினோம். "அப்படியானால் நான் வேண்டுமென்று கொல்லவில்லையே, சாமி?" என்று கேட்டான். இல்லையென்று உறுதி கூறினோம். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தகப்பனார், "ஒரு வாளிதானா? அதுவும் சுமக்காமலா?" என்றார்.

அண்மையில் மீண்டும் அவ்வில்லம் சென்றோம். தொட்டியில் இரண்டே மீன்கள். நுண்ணுயிர்கள் பெருக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகுமாதலால், அதுவரை மேலும் மீன்கள் வேண்டாமென்று சிறுவனே சொன்னான். மேசைமேல் துணியால் மூடிய வாளி, கண்ணாடியில் நீலக்கோடு. குழாயின் ஒரு முனையைத் தந்தையும் மறுமுனையை மகனும் பிடித்திருந்தனர். ஒருநாளில் செய்யும் பெரும்பணியைவிட, வாரந்தோறும் தவறாது செய்யும் சிறுபணியே உயிர்களைக் காக்கிறது. மீன்தொட்டிக்கு மட்டுமா இது பொருந்தும்?