கட்டை வைக்காமல் லோரிக்கு அடியில் போகாதீர்கள்!

மழைக்காலம் வந்துவிட்டால் பட்டறைப் பக்கம் ஒரு பேச்சு தவறாமல் எழும். "அண்ணே, ஆர்மி லோரி நடுவுல உறுமுது. பெட்டியை மாத்தணுமாம்." கேட்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகிறவனுக்கு இது உயிர் விஷயம். அதைப்பற்றித்தான் இன்று நம் தோட்டப் பாட்டாளிகளோடு மனம்விட்டுப் பேச நினைக்கிறோம்.

ஆர்மி லோரி என்றால் என்ன என்று இளைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் ஜி.எம்.சி. 2½ டன் லோரிகள் 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. மூன்று அச்சு, மூன்றும் இழுக்கும். இப்படிப் போருக்காகச் செய்த பலவகை லோரிகளை இராணுவம் பின்னால் கழித்துக் கட்டியபோது, அவை நம் நாட்டில் மரம் இழுக்கும் காடுகளுக்கு வந்து சேர்ந்தன. கதவு இருக்காது, கூரை இருக்காது. மலைச்சரிவில் சேறு முட்டிக்கால் அளவு இருந்தாலும் பெரிய மரத்தை இழுத்துக்கொண்டு ஏறும். சீனர்கள் இதற்குச் 'சான் தாய் வோங்' என்று பெயர் வைத்தார்கள். மலைராஜா என்று பொருள். மலாய்க்காரர்கள் 'லோரி ஹந்து', அதாவது பேய் லோரி என்றார்கள். நம்மவர்களுக்கு அது எப்போதும் ஆர்மி லோரிதான்.

இந்த லோரியின் பலம் முழுவதும் நடுவில் இருக்கும் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதுதான் டிரான்ஸ்பர் கேஸ். எஞ்சினின் சக்தி கியர்பாக்ஸுக்கு வருகிறது; அங்கிருந்து ஒரு குட்டை ஷாப்ட் வழியாக இந்தப் பெட்டிக்கு வருகிறது. பெட்டி அதைப் பங்குபோட்டு, முன் அச்சுக்கு ஒரு ஷாப்டும் பின் அச்சுகளுக்கு வேறு ஷாப்டுகளுமாக அனுப்புகிறது. குடும்பத்தில் சம்பளத்தை வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிற தாயைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் படுத்துவிட்டால் வீடு நடக்குமா?

பெட்டி ஏன் உடைகிறது? பாதிக் குற்றம் நம் கையில்தான். வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைந்த தூரம் ஓடும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. முன் அச்சின் நெம்பை எடுத்துவிடாமல் தார் ரோட்டில் ஓட்டினால், அந்த முறுக்கு முழுவதையும் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரம்தான் தாங்கியாக வேண்டும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? எண்ணெய் கசிந்து வற்றியதைக் கவனிக்காமல் ஓட்டுவது இன்னொரு காரணம். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பதுதான் நம் பட்டறைகளின் பழைய மந்திரம்.

சரி, உடைந்துவிட்டது. மாற்றவேண்டும். இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம் இது. இந்த ஜி.எம்.சி. லோரியில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஷாப்டைக் கழற்றிவிட்டால் கை பிரேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்குமே தவிர, சக்கரத்தைப் பிடிக்காது. கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் பயன் இல்லை. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவுதான் அறுந்துபோயிற்றே! கால் பிரேக்கோ யாராவது மிதித்துக்கொண்டு இருக்கும்வரைதான். ஆக, கடைசி ஷாப்ட் கழன்ற அந்த நிமிடத்தில், பல டன் இரும்பு தன்னைப் பிடிக்க ஆளில்லாமல் நிற்கிறது. அதன் அடியில் நம் பிள்ளை மல்லாந்து படுத்திருக்கிறான்.

நாம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், பேராக்கில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். வெட்டிய செம்பனைக் குலைகள் ரோட்டோரம் கிடந்தன. குலை ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் எண்ணெயின் தரம் கெடும். "விடியறதுக்குள்ள வண்டி ஓடணும்" என்று மேலிடத்து உத்தரவு. வண்டி நின்ற இடமோ சரிவு. ராத்திரி டார்ச் லைட் வெளிச்சத்தில் வேலை. "கியர்ல போட்டிருக்கு, கை பிரேக் இழுத்திருக்கு, பயப்படாம போடா" என்று சொன்னார்கள். அந்தத் தம்பிக்கு 19 வயது. கடைசி போல்ட் கழன்றது. வண்டி ஒரு முழம்தான் நகர்ந்தது. அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறுநாள் அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அவன் தாயார் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் குலை ஒரு நாள் கெட்டிருந்தா என்னய்யா?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். தோட்டத்தில் மரத்துண்டுக்குப் பஞ்சமா? வண்டியைச் சமதரைக்கு இழுத்துக்கொண்டு போக அரைமணி நேரம். இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு வாலிபனின் கையை விலையாகக் கொடுத்தார்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். முதலில் சமதரை. பிறகு எல்லா அச்சிலும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். இந்த லோரி உயரமானது; ஆள் அடியில் நுழைய ஜேக் போட்டுத் தூக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஜேக்கை மட்டும் நம்பாமல் கனமான மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் வண்டியை உட்கார வைக்கவேண்டும். பெட்டியை நெஞ்சில் தாங்கி இறக்குகிற வீரம் வேண்டாம். சங்கிலி போட்டோ, சக்கர ஜேக்கின்மேல் உட்கார வைத்தோ இறக்கவேண்டும். வெளியே ஓர் ஆள் கண் எடுக்காமல் நிற்கவேண்டும்.

இன்னொன்று. வேறொரு லோரியிலிருந்து எடுத்த பழைய பெட்டியை மாட்டுவதாக இருந்தால், மாட்டும் முன்னே தரையில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் எத்தனை சுற்றுக்குப் பின்பக்கம் எத்தனை சுற்று என்று பழைய பெட்டியோடு ஒப்பிடுங்கள். ஷாப்டின் நீளம் சரியா, நெம்பு எல்லா இடத்திலும் விழுகிறதா என்று பாருங்கள். பொருந்தாத பெட்டியை ஏற்றிவிட்டு மறுபடியும் இறக்கினால், ஒருமுறை பட வேண்டிய ஆபத்தை இரண்டுமுறை படுகிறீர்கள். மாட்டியபின் எண்ணெய் ஊற்றாமல் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.

"நாங்க முப்பது வருஷமா இப்படித்தான் செஞ்சோம், ஒண்ணும் ஆகலையே" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தின்மேல் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றும் ஆகாதவர்கள்தானே இன்று வந்து பேசுகிறார்கள்? ஆனவர்கள் பேச வரமாட்டார்களே!

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாள் வாடகை லோரி எடுத்தால் செலவுதான். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைக் கணக்கில் எழுதலாம். விரலை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. அச்சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி, அதை முதலாளியிடம் சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த வேலையை விட்டு விலகிக்கொள்ள அதில் உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. "கட்டை வச்சாத்தான் போவேன்" என்று சொல்வது திமிர் அல்ல, சட்டம்.

அடி பட்டுவிட்டால் மறைக்காதீர்கள். அன்றே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. இன்று லோரிக்கு அடியில் படுப்பவர் வங்காளதேசத் தம்பியாகவோ இந்தோனேசியத் தம்பியாகவோ இருக்கலாம். நம் பாஷை அவருக்குப் புரியாது என்பதற்காகக் கட்டை வைக்காமல் அனுப்பிவிடாதீர்கள். நம் தாத்தாக்களும் பாஷை தெரியாமல் இந்த மண்ணுக்கு வந்தவர்கள்தாம்.

ஆர்மி லோரிகள் இன்று அருகிவிட்டன. ஆனாலும் டிராக்டரோ, புது லோரியோ, எதன் அடியில் படுத்தாலும் விதி ஒன்றுதான். சக்கரத்துக்குக் கட்டை, அப்புறம்தான் ஸ்பேனர். நாளைக் காலை பெரட்டில் இதை உங்கள் மண்டோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. பத்துப் பேர் சொன்னால் அதுவே பட்டறையின் பழக்கமாகிவிடும்.