ரூபாயில் எடுப்பது பாதுகாப்பல்ல, நஷ்டம்

"வெளிநாட்டு ஏடிஎம்மில் ரூபாய்க் கணக்கிலேயே பணம் எடுங்கள். எவ்வளவு கழியும் என்று அப்போதே தெரிந்துவிடும்." சுற்றுலா கிளம்புகிறவர்களுக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் அக்கறையோடு சொல்லப்படும் அறிவுரை இது. அக்கறையில் குறையில்லை, அறிவுரைதான் முற்றிலும் தவறு. கழியப்போகும் தொகை முன்கூட்டியே தெரிவதால் அது நியாயமான தொகை ஆகிவிடாது.

பாங்காக்கில் இந்தியக் கார்டைச் செருகி 10,000 பாட் கேட்கிறீர்கள். பல இயந்திரங்களில் பணம் வருமுன் ஒரு திரை வருகிறது: உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கலாமா? டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி என்பது இதுதான். சம்மதித்தால், மாற்று விகிதத்தை ஏடிஎம் நடத்துபவரும் அவருக்கு இந்தச் சேவையை வழங்கும் நிறுவனமும் தீர்மானிப்பார்கள். அதற்குள் வைத்த லாபத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். மறுத்தால், கணக்கு பாட்டிலேயே விசா அல்லது மாஸ்டர்கார்டுக்குப் போகும். அவர்களின் அன்றைய விகிதம் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

ஒரு பாட் 2.50 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுவோம். 10,000 பாட்டின் மதிப்பு 25,000 ரூபாய். நம் வங்கி நாணய மாற்றத்துக்கான கூடுதல் கட்டணமாக 3.5 சதவீதம் மார்க்கப் போட்டு, அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கினால், மொத்தம் ஏறக்குறைய 26,030 ரூபாய். ஏடிஎம்காரர் தன் விகிதத்தில் 8 சதவீதம் ஏற்றியிருந்தால் 27,000 ரூபாய். ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய்க்கு அருகில் போய்விட்டது. மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருப்பவருக்கு இழப்பு இரண்டாயிரம். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுகளுக்குத் தனியாக வாங்கும் 200 பாட்டுக்கும் மேற்பட்ட கட்டணம் இரண்டு வழியிலும் உண்டு. ரூபாயைத் தேர்ந்தெடுத்ததற்காக அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை.

"ரூபாயில் எடுத்தால் என் வங்கியின் மார்க்கப்பாவது மிச்சமாகுமே" என்பார்கள். அந்த நம்பிக்கையும் நிற்காது. வெளிநாட்டில் நடக்கும் பரிவர்த்தனை ரூபாயில் இருந்தாலும் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் இந்திய வங்கிகள் பல உண்டு. அப்போது இரண்டு பக்கமும் பணம் போகிறது. டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் ரூபாயைத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம்: பாட் ரூபாயாகி, அந்த ரூபாய் மறுபடியும் டாலராக மாறிக் கழியும்.

இந்தத் தவறான நம்பிக்கையை வளர்ப்பதில் திரையின் வாசகங்களுக்குப் பெரும் பங்குண்டு. சம்மதம் சொல்லும் பொத்தான் பளிச்சென்று நிற்கும். மறுக்கும் இடத்தில் 'டிக்ளைன்' என்று இருக்கும். அதைத் தொட்டால் பணமே வராது என்று பயந்து, பின்னால் வரிசை நிற்கும் அவசரத்தில், மக்கள் சம்மதித்துவிடுகிறார்கள். 'டிக்ளைன் கன்வர்ஷன்' என்றால் நாணய மாற்றத்தை மட்டும் மறுக்கிறோம். கேட்ட பணம் வந்துவிடும். 'வித்தவுட் கன்வர்ஷன்' என்பதும் அதேதான். கடைகளிலும் ஹோட்டல்களிலும் கார்டு தேய்க்கும்போது இதே கேள்வி வரும்; அங்கேயும் உள்ளூர் நாணயம் என்றே சொல்ல வேண்டும்.

இது ஏமாளிகளின் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இதற்கென்றே விதி இயற்றியது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்கப்படுகிறது என்பதைப் பணம் கழியுமுன் காட்ட வேண்டும் என்ற கட்டாயம், அங்குள்ள நாணயங்களுக்கு 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வெறும் தொகையைக் காட்டினால் போதும் என்றால் இப்படியொரு விதிக்குத் தேவையே இருந்திருக்காது.

நம் வங்கிகள் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடும் அன்றே, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள் என்பதை இரண்டு வரித் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பலாம். அவர்கள் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டாம். ரூபாயில் எடுக்கச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் அந்த இடத்திலேயே மறுத்துப் பேசுங்கள்: எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்திலேயே எடுக்க வேண்டும்.