கற்பித்தவரும் கற்றவரும் ஒரே சீட்டில்



1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று எண்ணி நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அதை நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆராதனையின் இசைப் பணிக்கென்று தாவீது ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகிய மூவரின் குடும்பங்களைப் பிரித்து நியமிக்கிறார். ஏமானுக்கு மாத்திரம் 14 குமாரரும் 3 குமாரத்திகளும் இருந்தார்கள். பிள்ளைகள் தகப்பனின் வசத்தில் இருந்து பாடினார்கள், வாசித்தார்கள். மொத்தத் தொகை 288. அவர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். எல்லாரும் தேர்ச்சி உள்ளவர்கள் என்று ஒரு வசனம் கூறுகிறது. அடுத்த வசனமோ, முறைவரிசைக்குச் சீட்டுப் போட்டபோது சிறியவர் பெரியவர் என்றும் கற்பித்தவர் கற்றவர் என்றும் வேறுபாடு பார்க்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

அதாவது, தேர்ந்தவர்களின் கூட்டத்துக்குள்ளேயே மாணவர்களும் இருந்தார்கள். முழுவதும் கற்றுக்கொண்ட பிறகு வா என்று அவர்கள் வெளிமுற்றத்தில் நிறுத்தப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஏற்பாடு செய்யப்பட்ட நாளில் ஆலயம் கட்டப்படவில்லை. அதைக் கட்டியவர் சாலொமோன். கல் வைப்பதற்கு முன்பே தாவீது வாசிக்கிறவர்களை ஆயத்தப்படுத்தினார். நம் சபைகளில் நாம் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறோம் என்பது என் கருத்து. கட்டடமும் கருவியும் முதலில் வருகின்றன. ஆள் எங்கிருந்து வருவான் என்பதைக் கடைசியில் யோசிக்கிறோம்.

இதைக் கற்க எருசலேம் வரை போகவேண்டியதில்லை. நம் சின்னமனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பண்ணைப்புரம் இருக்கிறது. அவ்வூர்ப் பாவலர் வரதராசனின் பெயரை நம் பெரியவர்கள் அறிவார்கள்; இளையோருக்கு அவர் இளையராஜாவின் மூத்த அண்ணன் என்று சொன்னால்தான் விளங்கும். அவர் பாட்டுக் கட்டுவார், பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார். மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே சொற்களை அமைத்துக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மேடைகளில் பாடினார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரிடையே அவருடைய பாட்டு ஒலித்தது. அவர் தம் தம்பியரையே குழுவாகச் சேர்த்துக்கொண்டார். ஏறக்குறையப் பதினான்கு வயதில் இளையராஜா அந்தக் குழுவில் சேர்ந்து, பத்தாண்டுகள் அண்ணனோடு ஊர் ஊராகச் சென்றார். தொடக்கத்தில் பெண் குரலில் பாடிய சிறுவன், குரல் மாறிய பின்னர் ஆர்மோனியத்துக்கு வந்தார்.

கட்சிக்காகப் பாடிய குழுவை ஆயர் ஏன் உதாரணம் காட்டுகிறார் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் எதைப் பாடினார்கள் என்பது இங்கே என் கேள்வி அன்று. எப்படிக் கற்றார்கள் என்பதே கேள்வி. அந்தச் சிறுவனுக்குப் பாடசாலை, பாடத்திட்டம், தேர்வு எதுவும் இல்லை. இரவில் கூட்டம் அமர்ந்திருக்கிறது. அண்ணன் பாட்டைத் தொடங்கிவிட்டார். தவறினாலும் பாட்டு நிற்காது. அடுத்த அடியில் ஓடிவந்து சேர்ந்துகொள்ளத்தான் வேண்டும். வீட்டில் தனியே பழகுகிற பிள்ளை தவறிய இடத்தில் நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். குழுவில் வாசிக்கிற பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே அவன் தன் விரலைக் கவனிப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனைக் கவனிக்கப் பழகுகிறான். தான் எப்போது வாசிக்கவேண்டும் என்பதோடு, எப்போது சும்மா இருக்கவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நம் பாடகர் குழுவில் இந்த இரண்டாவது கல்வி குறைவு என்பதை நான் அன்போடுதான் சொல்லுகிறேன்.

பின்னர் அந்த இளைஞர் சென்னைக்குச் சென்றபோது தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசான் கிடைத்தார். மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் பியானோவோடு வாழ்ந்த அவர், மேல்நாட்டு இசைக்குறிப்பை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார். ராசய்யாவை ராஜா ஆக்கியவரும் அவரே. பிற்காலத்தில் ஏ.ஆர். ரகுமானும் அவரிடம் பயின்றார். திரைப்படத்தில் தம் பெயர் பெரிதாக வராத ஒரு மனிதரிடம் இருந்து இத்தனை பேர் புறப்பட்டார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அண்ணனின் குழு முதலில், குறிப்பேடு அதற்குப் பின்பு. பிள்ளை பேசப் பழகிய பிறகே எழுதப் பழகுவது போன்றது அது. நாமோ நம் பிள்ளைகளை நேராகக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்பி, கிரேடு தேர்வுச் சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். அந்தப் பிள்ளையிடம் ஞாயிறு காலையில் ஒரு கீர்த்தனைக்கு வாசிக்கச் சொன்னால், தாள் எங்கே என்று கேட்கிறான்.

வரதராசன் 1973-இல் மறைந்தார். ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976-இல். தம் தம்பியின் இசை ஊர்தோறும் ஒலித்ததை அவர் கேட்கவில்லை. தாவீது ஆலயத்தைக் காணவில்லை அல்லவா? அதை நினைக்கும்போது என் மனம் சற்று நின்றுவிடுகிறது.

பேண்டு இசைக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு புதியதன்று. 1878-இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரத் தெருக்களில் இரட்சணிய சேனையார் பிரசங்கித்தபோது முரடர்கள் கூச்சலிட்டுக் கலைத்தார்கள். அவர்களுக்குத் துணையாகக் கட்டடத் தொழில் செய்துவந்த சார்லஸ் ஃப்ரை என்பவர், தம் மூன்று மகன்களையும் பித்தளைக் கருவிகளோடு அழைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். சேனையின் முதல் பேண்டு அதுதான்: ஒரு தகப்பன், மூன்று பிள்ளைகள். அதிலிருந்து சிறுவர் பேண்டு, பெரியவர் பேண்டு என்ற படிமுறை உண்டாயிற்று. கருவி சபைக்குச் சொந்தமாக இருந்ததால், வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

நம் காலத்தில் வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரெயு என்பவர் 1975-இல் கராகஸ் நகரின் ஒரு வாகனக் கொட்டகையில் 11 இளைஞரோடு தொடங்கிய முயற்சி, நாடு முழுவதும் பரவிய இளையோர் இசைக்குழுக்களாக வளர்ந்தது. அதைப் புகழ்ந்து பேசுவோர் உலகெங்கும் உண்டு. ஆனால் அந்த அமைப்புக்குள் அதிகாரப் போக்கும், பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் வரம்பு மீறிய முறைகேடும் இருந்தன என்ற குற்றச்சாட்டுகள் பின்னாளில் எழுந்தன. இதையும் உங்களிடம் சொல்லவேண்டியது என் கடமை. இசை ஆசான் மீது பிள்ளைகள் வைக்கும் பக்தி மிகப் பெரிது. ஆகவே ஆபத்தும் உண்டு. எந்தப் பயிற்சியும் கதவு திறந்த அறையில், இரண்டு பெரியவர்கள் இருக்கும்போதே நடக்கவேண்டும். ஆசான் எவ்வளவு பரிசுத்தவானாக இருந்தாலும் இந்த விதியில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

இனி நம் சபைக்கு வருகிறேன். ஒரே கீபோர்டுக்குள் டிரம், பேஸ், வயலின் எல்லாம் அடங்கிவிட்டன. பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடுகிறது. ஆராதனை தடையின்றி நடக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் முன்பு எட்டுப் பேர் நின்று வாசித்த இடத்தில் இன்று ஒருவர் அமர்ந்திருக்கிறார். மற்ற ஏழு பேரின் இடத்துக்கு வரவேண்டிய பிள்ளைகள் எங்கே? பின்வரிசையில் கைப்பேசியோடு இருக்கிறார்கள். அசனப் பண்டிகை வந்தால் வெளியூரிலிருந்து வாசிப்பவர்களைக் கூலிக்கு அழைக்கிறோம். அவர்கள் நன்றாகவே வாசிக்கிறார்கள். மறுநாள் காலையில் நம்மிடம் மிஞ்சுவது ரசீது மட்டுமே.

நம்மிடையே ஒரு பெரியவர் இருக்கிறார். பெயரை எழுதமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. நாற்பது ஆண்டுகளாகப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். நம் வீடுகளின் திருமணங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் அவர் முன்னே வாசித்துச் செல்ல, நாம் பின்னே நடந்திருக்கிறோம். நம்மில் எத்தனையோ பேர் அழுத அழுகைக்கு அவருடைய மூச்சு சுருதி கூட்டியிருக்கிறது. ஆனால் என் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள் என்று இதுவரை ஒருவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. ஏன் என்று நமக்குத் தெரியும். தந்தியை மீட்டுகிறவனுக்கு ஒரு மரியாதை, தோலைத் தட்டுகிறவனுக்கும் குழலை ஊதுகிறவனுக்கும் வேறொரு மரியாதை என்ற கணக்கு நம் ஊரில் சாதியோடு பிறந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அந்தக் கணக்குப் புத்தகத்தை நாம் மூடவில்லை. தீர்க்கதரிசிகளின் கூட்டம் சவுலுக்கு எதிர்ப்பட்டபோது அவர்களுக்கு முன்னே சென்ற கருவிகளில் மேளமும் குழலும் இருந்தன என்று 1 சாமுவேல் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் பரிசுத்தம் அந்தத் தீர்க்கதரிசிகளுடையதைவிடவும் மேலானதோ?

பெற்றோரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வந்துவிட்டால் வீடே தேர்வு எழுதுகிறது. ஆனால் நம் பிள்ளைகளின் மாலை எப்படிப் போகிறது என்பதையும் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற தாய் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறாள். பள்ளி விட்டது முதல் அவள் திரும்பும்வரை பிள்ளை தனியே இருக்கிறான். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தை யார் பிடித்துக்கொள்ளுகிறார்களோ, அவனும் அவர்கள் பக்கம் போகிறான். கஞ்சாப் பொட்டலத்தோடு காத்திருக்கிறவன் கிரேடு பார்ப்பதில்லை, குடும்பம் பார்ப்பதில்லை. எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுகிறான். சபை மட்டும் தேர்ந்தவன் வரட்டும் என்று காத்திருந்தால் எப்படி?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோரஸ் பாட அவர்களை அழைக்கிறோம். டிரம் குச்சியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. ஏமானின் பிள்ளைகளைச் சொல்லும்போது மூன்று குமாரத்திகளையும் வேதம் எண்ணிச் சேர்த்திருக்கிறது.

பிள்ளைகள் வாசித்தால் ஆராதனை கெட்டுவிடும் என்பது இன்னொரு மறுப்பு. கொஞ்சம் கெடும். சில ஞாயிறுகளில் நன்றாகவே கெடும். கீர்த்தனையின் நடுவில் ஓர் எக்காளம் தப்பாக அலறும். பின்வரிசையில் சிரிப்பு எழும். குழுவில் சேர்கிற புதிய பிள்ளைக்கு மூன்று சுரங்கள் மட்டும் கொடுங்கள், அல்லது சரணத்தின் முடிவில் ஒரே ஒரு தாளத் தட்டு கொடுங்கள். அந்த ஒரு தட்டுக்காக அவன் பாட்டு முழுவதையும் எண்ணிக்கொண்டே நிற்பான். பிரசங்கத்தை அவ்வளவு கவனத்தோடு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அறுப்பின் பண்டிகைக் காணிக்கையைப் புதிய ஸ்பீக்கர், மிக்சர் வாங்கப் பயன்படுத்தலாம் என்ற விண்ணப்பம் சபைக் குழுவின் முன் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் இரைகிறது என்பது உண்மைதான். நானும் தினமும் கேட்கிறேன். ஆனாலும் அதை இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துக்கொள்ளுவோம் என்பது என் வாதம். அந்தப் பணத்தில் இரண்டு கிளாரினெட், ஒரு டிரம்பெட், ஒரு சைடு டிரம், ஒரு பெரிய டிரம் என்று பழைய கருவிகளைப் பழுது பார்த்து வாங்கலாம். அவை சபையின் பெயரில் இருக்கட்டும். கையெழுத்திட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். கற்பிக்கிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஊழியம்தானே என்று சொல்லி அதை இலவசமாக வாங்குவது நமக்கு அழகன்று. கூலி பேசி அழைத்தவர்களுக்கு ஒரே நாளில் கொடுத்ததை, நம்மவருக்கு ஒரு மாதத்துக்குக் கொடுக்க ஏன் தயங்கவேண்டும்?

சபைக் குழு வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஓய்வுநாள் பள்ளி அறையில் கூடுகிறது. குழுவில் இல்லாதவர்களும் வந்து உங்கள் கருத்தைக் கூறலாம். எனக்கு எதிரான கருத்தாயிருந்தாலும் சரி. வீட்டில் பரணில் கிடக்கும் கிட்டார், தபேலா, புல்லாங்குழல் எதுவாயினும், தந்தி அறுந்ததாயினும், எடுத்து வாருங்கள். நாம் கிளாரினெட் பெரியவரை அழைக்க நானும் இரண்டு மூப்பர்களும் சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளில் யாராவது எங்களோடு வர விரும்பினால், ஐந்து மணிக்கு ஆலய வாசலில் நிற்கட்டும்.