டென்ட் ஒண்ணும் எள்ளுருண்டை இல்லீங்க!

"ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு வேற என்னடா எதிர்பார்த்த?"

மலைக்குப் போய் நனைஞ்சு, நடுங்கி, மூக்கை உறிஞ்சிக்கிட்டே திரும்பி வந்தவன் கிட்ட நம்ம மக்கள் மொதல்ல கேக்கற கேள்வி இதுதான். விக்கறவன் கேட்டா பரவாயில்லை, அவனுக்கு வியாபாரம். நனைஞ்சவனோட ரூம்மேட் கேக்கறான், பக்கத்து பெஞ்ச் கேக்குது, ஏன், காசு குடுத்த அப்பாவே கேக்கறார். ஏழைக்கேத்த எள்ளுருண்டையாம். கம்மி விலைக்கு வாங்கினா ஒழுகத்தான் செய்யுமாம்.

இந்தக் கேள்வியே தப்புன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். பொறுமை இருக்கறவங்க மேல படிங்க.

விலை கம்மின்னா என்னெல்லாம் கம்மியா இருக்கலாம்? துணி கனமா இருக்கலாம். ஜிப் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். அஞ்சு வருஷம் வர வேண்டியது ரெண்டு வருஷம் வரலாம். கலர் கண்றாவியா இருக்கலாம். இதெல்லாம் நியாயம், ஒத்துக்கறேன். ஆனா அட்டையில எழுதின வார்த்தை மட்டும் பொய்யா இருக்கக் கூடாது. "வாட்டர்ப்ரூஃப்"னு போட்டு வித்தா தண்ணி உள்ள வரக் கூடாது. அந்த வார்த்தைக்கு தள்ளுபடியே கிடையாது. தள்ளுபடி விலையில அரிசி வித்தாலும் ஒரு கிலோன்னா ஆயிரம் கிராம் இருக்கணும்ல, அது மாதிரி.

2024 நவம்பர்ல எங்க டிபார்ட்மெண்ட் பசங்க ஏழு பேர் கொல்லிமலையில ஒரு தனியார் தோட்டத்துல சொல்லிட்டு தங்கப் போனோம். டென்ட் ஏற்பாடு இன்னொரு நண்பனோடது, ஆன்லைன்ல "நாலு பேர், முழு வாட்டர்ப்ரூஃப்"னு போட்டிருந்த ரெண்டு டென்ட். பெருமழை எல்லாம் இல்லை, சாதாரண ஐப்பசி மழைதான். ஒரு மணி நேரத்துல தையல் வழியா சொட்ட ஆரம்பிச்சுது, ரெண்டு மணி நேரத்துல தரை ஊறிடுச்சு, கம்பி ஒண்ணு நீளவாக்குல பிளந்து ஒருத்தன் உள்ளங்கையில சிலாம்பு ஏத்திடுச்சு. மீதி ராத்திரி தோட்டத்து ஷெட்ல, உர மூட்டைங்களுக்கு நடுவுல. திரும்பி வந்து புகார் குடுத்தா, வித்தவங்க பதில் ஒரே வரி: "பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது." டென்டைப் பயன்படுத்தாம அது ஒழுகுமான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? ஜோசியமா?

பி.காம். படிக்கிற எல்லாருக்கும் 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் பாடம். அதுல "வாங்குபவரே, விழிப்பாயிரு"ங்கற ஒரு லத்தீன் வாசகத்தை மட்டும் எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டு வெளிய வந்துடறோம். பிரிவு 16ல அந்தக் கொள்கைக்கு விதிவிலக்குகள் வரிசையா இருக்கு, அதை பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறோம். அதுக்கு முந்தின பிரிவு 15 என்ன சொல்லுது? விவரணையை வெச்சு வித்தா, சரக்கு அந்த விவரணைக்குப் பொருந்தி இருக்கணும். அவ்வளவுதான். "வாட்டர்ப்ரூஃப்"ங்கறது அலங்காரம் இல்லை, விவரணை. பிரிவு 41 படி, சரியா இருக்கான்னு பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கற வரைக்கும் நீங்க சரக்கை ஏத்துக்கிட்டதாவே ஆகாது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. குறைபாடுள்ள சரக்கை, பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலேன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்க மறுக்கறதையே முறையற்ற வணிகம்னு சொல்லுது. இதுல எங்கயும் "1,500 ரூபாய்க்கு கீழ இருந்தா பொருந்தாது"ன்னு நான் பாக்கலை :-)

சரி, அட்டையில இருக்கற பொய்களை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாப்போம். விக்கறவன் பயப்படறது கோவப்படற கஸ்டமருக்கு இல்லை, கணக்குப் போடற கஸ்டமருக்குத்தான்.

முதல் பொய்: "நாலு பேர்". தரை 200 செ.மீ.க்கு 200 செ.மீ. நாலால வகுத்தா ஆளுக்கு 50 செ.மீ. கல்யாணப் பந்தியில உக்காந்து சாப்பிடறதுக்கே இடிக்கற அகலம், இதுல படுத்துத் தூங்கணுமாம். பையை எங்க வைக்கறது? சுவரை ஒட்டிப் படுக்கறவன் மேல ஈரத் துணி உரசும், அவன்தான் மொதல்ல நனைவான். அதனால அட்டையில போட்ட எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சுக்கங்க, பை இருந்தா ரெண்டு. நாலு பேர் டென்ட்ல ரெண்டு பேர் நிம்மதியா தூங்கலாம், மூணு பேர் சமாளிக்கலாம்.

ரெண்டாவது பொய்: எண் இல்லாத "வாட்டர்ப்ரூஃப்". இதை அளக்க உலகம் முழுக்க ஒரு முறை இருக்கு. துணி மேல ஒரு குழாயை நிறுத்தி தண்ணி ஊத்திக்கிட்டே போற மாதிரி நினைச்சுக்கங்க. எத்தனை மில்லிமீட்டர் உயரத்துல துணி கசிய ஆரம்பிக்குதோ, அதுதான் அந்தத் துணியோட எண். ஐஎஸ்ஓ 811ன்னு இந்தச் சோதனைக்கு பேரே இருக்கு. மேல் துணிக்கு 1,500 மி.மீ. இருந்தா சாதாரண மழை தாங்கும், நம்ம வடகிழக்குப் பருவமழைக்கு 2,000ம் அதுக்கு மேலயும் இருந்தா நல்லது. தரைக்கு இன்னும் அதிகம் வேணும். ஏன்? 60 கிலோ ஆள் ஒருத்தன் முட்டி போடறான், ரெண்டு முட்டியும் சேர்த்து 150 சதுர செ.மீ. தரையைத் தொடுதுன்னு வெச்சுக்குவோம். சதுர செ.மீ.க்கு 0.4 கிலோ. அது 4 மீட்டர் உயர தண்ணியோட அழுத்தம், அதாவது 4,000 மி.மீ. மேல மழையே இல்லேன்னாலும் கீழ ஈர மண் இருந்தா, முட்டி வெச்ச இடத்துல தண்ணி ஏன் ஊறுதுன்னு இப்ப புரியுதா?

எண் மட்டும் போதாது. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. உள்பக்கம் தையல் மேல வழவழன்னு ஒரு நாடா ஒட்டியிருக்கான்னு பாருங்க. அது இல்லேன்னா துணி 5,000 மி.மீ. ஆனாலும் தையல் வழியா தண்ணி வரும். அப்புறம், மேல் விரிப்பு தரை கிட்ட வரைக்கும் இறங்கணும். சில டென்ட்ல தலையில குல்லா வெச்ச மாதிரி உச்சியில மட்டும் ஒரு துண்டுத் துணி இருக்கும். அது வெயிலுக்கு, பீச்சுக்கு. உள்ள வலைத் துணி, வெளிய மழைத் துணின்னு ரெண்டு அடுக்கா, நடுவுல காத்து போக இடம் விட்டு இருந்தா, நம்ம மூச்சோட ஈரம் வெளித் துணியில படிஞ்சு வழிஞ்சு போயிடும். ஒரே அடுக்குன்னா அந்த ஈரம் நம்ம மேலயே சொட்டும்.

மூணாவது பொய்தான் ரொம்ப ஆபத்து: தூங்கற பையில போட்டிருக்கற டிகிரி. "மைனஸ் 5"னு பெருசா அச்சடிச்சு இருக்கும். யார் சொன்னா? ஐஎஸ்ஓ 23537ங்கற தரப்படி சோதிச்ச பைக்கு ஒரு எண் இல்லை, மூணு எண் இருக்கும். சுகமா தூங்கறதுக்கு ஒண்ணு, சுருண்டு படுத்து சமாளிக்கறதுக்கு ஒண்ணு, உயிர் மட்டும் மிஞ்சறதுக்கு ஒண்ணு. மூணாவது எண் ஆறு மணி நேரம் செத்துப் போகாம இருக்கறதுக்கான எண்ணுங்க, தூங்கறதுக்கு இல்லை! அதைப் பெரிய எழுத்துல போட்டு விக்கறது அயோக்கியத்தனம். எந்தத் தரமும் சொல்லாம சும்மா ஒரு எண் போடறது அதை விட அயோக்கியத்தனம்.

"நம்ம ஊர்ல என்னடா குளிரு"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும். சமவெளியில ராத்திரி 20 டிகிரின்னா, 2,240 மீட்டர் உயரத்துல இருக்கற ஊட்டியில 5, 6 டிகிரி. டிசம்பர், ஜனவரியில அங்க புல்லு மேல உறைபனியே படியுது. நனைஞ்ச ஜீன்ஸோட, ஊறின தரையில, காத்துல அந்தக் குளிரு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. குளிரால உடம்பு விறைச்சு சாகறதுக்கு இமயமலைக்குப் போகணும்னு அவசியமே இல்லை.

இந்தப் பக்கம் இப்படின்னா, அந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி. நாப்பதாயிரம் ரூபாய் வெளிநாட்டு டென்ட் இல்லேன்னா நீயெல்லாம் மலைக்கே வராதேங்கற மேதாவிங்க. ஏற்காட்டுல ஒரு ராத்திரி தங்கறதுக்கு எவரெஸ்ட் சாமான் எதுக்குங்க? இவங்களும் அந்த 'வேற என்ன எதிர்பார்த்த' கோஷ்டியும் சொல்றது ஒண்ணுதான்: நல்ல பொருளுக்கு அளவுகோல் விலைதான்னு. இல்லை. அளவுகோல் எண்ணும், தையலும், கம்பியும்தான். நடுத்தர விலையில இந்த எண்ணை எல்லாம் ஒளிக்காம போட்டு விக்கற டென்ட் இன்னைக்கு நம்ம ஊர் கடைகள்லயே கிடைக்குது.

காஸ்ட் அக்கவுண்டிங் படிச்ச பாவத்துக்கு ஒரு சின்ன கணக்கு. 1,500 ரூபாய் டென்ட் ரெண்டு பயணத்துல போச்சுன்னா, பயணத்துக்கு 750. 6,000 ரூபாய் டென்ட் அஞ்சு வருஷம், வருஷத்துக்கு நாலு பயணம் வந்தா, பயணத்துக்கு 300. எது சீப்? ஆனா வருஷத்துக்கு ஒரே தடவை போறவன் 6,000 போட வேண்டாம், நல்ல டென்டை வாடகைக்கு எடுக்கலாம். இல்லேன்னா ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டு பங்குல வாங்கலாம். பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் வேற எதுக்கு படிச்சோம்? ஒண்ணு மட்டும்: பங்கு டென்டை ஈரத்தோட சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளாதீங்க. உள்பூச்சு பிசுபிசுத்து, நாறி, உரிஞ்சு போயிடும். அது வித்தவன் தப்பு இல்லை.

கையில இருக்கறது கொஞ்சம் காசுதான்னா, மொதல்ல கீழ விரிக்கற தண்ணி குடிக்காத ஃபோம் பாய், அப்புறம் பை, அப்புறம் டென்ட். வரிசை மாறக் கூடாது. உடம்பு கனத்துல பையோட அடிப்பக்கம் நசுங்கிடும், நசுங்கின பஞ்சுல காத்து நிக்காது, காத்து இல்லேன்னா சூடு நிக்காது. தரை உங்க சூட்டை ராத்திரி பூரா உறிஞ்சிக்கிட்டே இருக்கும். பாய் எவ்வளவு தடுக்கும்கறதுக்கும் ஆர்-வேல்யூன்னு ஒரு எண் உண்டு. அதை எல்லாரும் ஒரே மாதிரி அளக்க 2018ல ஏஎஸ்டிஎம் எஃப்3340ன்னு பொதுத் தரம் வந்துடுச்சு. கேளுங்க. கேட்டா கடைக்காரர் முழிச்சாலும் பரவாயில்லை, நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆளுக்கு பதில் வெச்சிருப்பார்.

வாங்கினதும் மலைக்கு ஓடாதீங்க. மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போங்க. ஆணி அடிக்க முடியாது, நாலு பக்கமும் தண்ணி கேனைக் கட்டி நிறுத்துங்க. ஹோஸ் வெச்சு அரை மணி நேரம் தண்ணி அடிங்க, உள்ள ஒருத்தன் டார்ச்சோட உக்காந்து தையலைப் பாக்கட்டும். மொபைல்ல வீடியோ எடுங்க, பில்லை பத்திரமா வைங்க. ஒழுகினா அந்த வாரமே காய வெச்சு திருப்பி அனுப்புங்க. மறுத்தா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது, காசு செலவில்லை. பக்கத்து வீட்டு மாமி "என்னடா பைத்தியமா"ன்னு பாத்தா பாக்கட்டும்.

ஒண்ணு சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை பாதி பொய்யாயிடும். எவ்வளவு நல்ல டென்டா இருந்தாலும் அது துணிதான். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட்ல டென்ட்ல தங்கின பொண்ணு ஒருத்தங்க யானை தாக்கி இறந்து போனாங்க. துணி மழையைத் தடுக்கும், யானையைத் தடுக்காது. காட்டுல அனுமதி இல்லாம தங்கவே தங்காதீங்க, ஓடைக்கரையில, ஒத்தை மரத்தடியில அடிக்காதீங்க. குளிருதுன்னு அடுப்பை உள்ள வெச்சு ஜிப்பை இழுத்து மூடாதீங்க. 2020 ஜனவரியில நேபாளத்துல டாமன்ங்கற மலை ஊர்ல ரிசார்ட் அறைக்குள்ள கேஸ் ஹீட்டர் வெச்சு தூங்கின கேரளாக்காரங்க எட்டு பேர், அதுல நாலு குழந்தைங்க, மூச்சடைச்சு இறந்தாங்க. அறைக்கே அந்த கதின்னா டென்டுக்கு என்ன? கிடை போடற கீதாரிங்களுக்கு டென்டே இல்லைங்கறாங்க சில பேர். உண்மை, ஆனா அவங்களுக்கு எந்த மேடு நனையாது, காத்து எங்கிருந்து வரும்னு தெரியும். நமக்கு ரெண்டும் தெரியாது. அதான் நமக்கு அட்டையில இருக்கற எண்ணாவது நிஜமா இருக்கணும்.

வீட்டு மிக்ஸி கெட்டா அம்மியில அரைக்கலாம், செருப்பு அறுந்தா வெறுங்கால்ல நடந்து வரலாம். மலையில ராத்திரி ரெண்டு மணிக்கு டென்ட் ஒழுகினா எந்தக் கடையும் திறந்திருக்காது. அப்படிப்பட்ட ஒரு பொருள் மேல பொய் எழுதி வித்தவனை விட்டுட்டு, நனைஞ்சவனைப் பாத்து சிரிக்கறோம்.

வர்ற செமஸ்டர் லீவுல எத்தனையோ கோஷ்டி மலைக்குக் கிளம்பும். யாராவது நனைஞ்சு வந்தா தயவுசெஞ்சு அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க. பில் இருக்கா, அட்டையில என்ன எழுதியிருந்தான், 30 நாள் ஆயிடுச்சான்னு கேளுங்க.