கொடிக்கம்பத்துக்குள் ஒரு ரேடியோ நிலையம்!

அமெரிக்காவில் புளோரிடா மாகாணம். வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக் கூரையும் ஒரே நிறம். எல்லா வீட்டு வாசலிலும் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல். அதில் ஒரு வீட்டு முற்றத்தில் 20 அடிக் கொடிக்கம்பம் நிற்கிறது. அமெரிக்கக் கொடி பறக்கிறது. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். "நல்ல தேசபக்தர் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இரவு ஆனதும் அந்த வீட்டுக்காரர் உள்ளறையில் உட்காருகிறார். ஜப்பானில் இருக்கும் ஒருவருடன் பேசுகிறார். டெலிபோன் கிடையாது. இன்டர்நெட் கிடையாது. அவருடைய குரல் வானத்தில் ஏறுவது அந்தக் கொடிக்கம்பத்தின் வழியாகத்தான்!

கொடிக்கம்பம் போலத் தோன்றும் ரேடியோ ஏரியல் அது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கம்பங்களைச் செய்து விற்கும் கம்பெனிகளே இருக்கின்றன. ஏன் இந்த மாறுவேஷம்? அவர் என்ன, ஒற்றரா?

இல்லை. சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, முறைப்படி லைசென்சு வாங்கியவர். வானத்தில் பேசும்போதெல்லாம் தம் அடையாள எழுத்துகளைச் சொல்லியாக வேண்டியவர். அவர் ஒளிவது போலீசுக்கு அஞ்சி அல்ல. தம் தெருவில் உள்ள வீட்டுக்காரர் சங்கத்துக்கு அஞ்சி!

காசு வாங்காத ரேடியோக்காரர்கள்

இவர்களை அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்பார்கள். "ஹாம்" என்று செல்லப் பெயரும் உண்டு. பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் வைத்து, உலகெங்கும் உள்ள தம்மைப் போன்றவர்களுடன் பேசுவார்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. அமெரிக்காவில் மட்டும் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த லைசென்சு உண்டு. நம் நாட்டில் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

சாதாரண நாளில் இது விளையாட்டு. புயல் அடித்தால் கதை வேறு.

2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. செல்போன் கோபுரங்களில் 100-க்கு 95 செத்துப்போயின. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், "50 ஹாம்களை அனுப்புங்கள்" என்று கேட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானிலும் இதே கதைதான். வேறு காரியமாகப் போர்ட்பிளேருக்கு வந்து தங்கியிருந்த ஹாம் குழு ஒன்று, தீவுக்கும் வெளியுலகுக்கும் நடுவே செய்தி கடத்தியது. இந்த வேலைக்கு மூன்று பொருள்கள் போதும்: ஒரு ரேடியோ, ஒரு பாட்டரி, உயரத்தில் ஓர் ஏரியல்.

முதல் இரண்டும் வீட்டுக்குள் அடங்கிவிடும். மூன்றாவதுதான் வெளியே தெரியும். வம்பு அங்கேதான் பிறக்கிறது.

சங்கம் வைத்ததே சட்டம்

அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பகுதி ஒரு காலனிக்குள் அமைகிறது. காலனிக்கு ஒரு சங்கம் இருக்கும். வீடு வாங்குகிறவர் அதில் தானாகவே உறுப்பினர் ஆகிவிடுவார். விலகிக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட சங்கங்களின் கீழ் இன்று 7 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.

வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தே சங்கத்தின் ஷரத்துகளும் வரும். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம், வேலி எவ்வளவு உயரம் வைக்கலாம், துணியை வெளியே காயப்போடலாமா என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான காலனிகளில், "வீட்டுக்கு வெளியே ஏரியல் கூடாது" என்ற வரியும் இருக்கும். மீறினால் அபராதம். கட்டாவிட்டால் கோர்ட்டு.

சங்கத்தார் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கூரைக்குக் கூரை டெலிவிஷன் கம்பிகள் முள்ளுக்காடு போல நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். தெரு அழகாக இருந்தால்தான் வீட்டுக்கு விலை என்பது அவர்கள் கட்சி. "கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினாய்? யாரும் உன் கையைப் பிடித்து இழுக்கவில்லையே?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் சொல்வது சுலபம் அல்ல. ஆனால் ஊரில் உள்ள புது வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி ஷரத்தோடு விற்கப்பட்டால், வாங்குகிறவர் வேறு எங்கே போவார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

தட்டு தப்பியது, கொடியும் தப்பியது

சர்க்கார் தலையிடவில்லையா? தலையிட்டது. எதற்குத் தலையிட்டது, எதை விட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை.

1985-ல் மத்திய தகவல் தொடர்பு கமிஷன் ஓர் உத்தரவு போட்டது. மாகாண சர்க்காரும் நகரசபையும் அமெச்சூர் ஏரியல்களுக்கு நியாயமான அளவு இடம் தர வேண்டும் என்றது. ஹாம்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த உத்தரவு தனியார் ஷரத்துகளைக் கட்டுப்படுத்தவில்லை. நகரசபை தடுத்தால் கேட்க ஆள் உண்டு. சங்கம் தடுத்தால் இல்லை.

1996-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி, ஒரு மீட்டர் அகலத்துக்கு மேற்படாத டெலிவிஷன் தட்டை வீட்டுக்காரர் தம் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். சங்கம் தடுக்க முடியாது. சினிமா பார்க்கும் தட்டுக்கு வழி கிடைத்தது. புயலில் உதவி கேட்கும் கம்பிக்குக் கிடைக்கவில்லை.

2006-ல் கொடிச் சட்டம் அமுலுக்கு வந்தது. தேசக் கொடியைப் பறக்கவிடுவதைச் சங்கம் தடை செய்யக் கூடாது. எங்கே, எப்படி என்று நியாயமான நிபந்தனை மட்டும் வைக்கலாம். மாகாணங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. புளோரிடாவில், ஷரத்து என்ன சொன்னாலும் சரி, வீட்டுக்காரர் 20 அடி வரை கொடிக்கம்பம் நடலாம். டெக்சாசிலும் 20 அடிக் கம்பத்துக்கு இடம் உண்டு. எங்கே, எப்படி என்பதைச் சங்கம் சொல்லலாம். அரிசோனாவில் கம்பம் கூரைக்கு மேல் போகக் கூடாது என்று சங்கம் கட்டளை இடலாம்.

ஹாம்கள் அந்த 20 அடியைப் பிடித்துக்கொண்டார்கள்!

உள்ளே என்ன இருக்கிறது?

அமெச்சூர்கள் அதிகம் விரும்பும் அலைகளில் ஒன்று 20 மீட்டர் அலை. பகலில் கண்டம் விட்டுக் கண்டம் பேச உதவுவது. செங்குத்தான ஏரியலுக்கு அலை நீளத்தில் கால் பங்கு உயரம் போதும். 20 மீட்டரில் கால் பங்கு 5 மீட்டர். அதாவது சுமார் 16 அடி. 20 அடிக் கம்பத்துக்குள் சுகமாக அடங்கிவிடும்.

சிலர் கண்ணாடி நார்க் கம்பம் வாங்கி அதன் வயிற்றுக்குள் செப்புக் கம்பியை இறக்குகிறார்கள். சிலருக்கு அலுமினியக் கம்பமே ஏரியல். அடியில் மட்டும் மின்சாரம் பாயாத குழாய் போட்டு, மண்ணைத் தொடாமல் நிறுத்துகிறார்கள். 40 மீட்டர் அலைக்கு 33 அடி வேண்டுமே? கம்பத்தின் அடியில் ஒரு சிறு பெட்டி வைக்கிறார்கள். குட்டைக் கம்பத்தை நெட்டைக் கம்பம் போல ரேடியோவை ஏற்கச் செய்யும் பெட்டி அது. பூச்செடி அதை மறைத்துவிடும். பலம் கொஞ்சம் குறையும். ஆனால் பேச்சு நடக்கும்.

உண்மையான சூட்சுமம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மரத்துக்கு வேர் போல இந்த ஏரியலுக்கும் வேர் வேண்டும். கம்பத்தின் அடியிலிருந்து நாலா பக்கமும் 16, 32 என்று செப்புக் கம்பிகளை ஓடவிடுகிறார்கள். குழி தோண்ட வேண்டியது இல்லை. புல்மேல் கம்பியை நீட்டி, கொண்டை ஊசி போன்ற ஆணியால் அழுத்திவிட்டால் போதும். சில வாரத்தில் புல் வளர்ந்து விழுங்கிவிடும். பிறகு அங்கே கம்பி இருக்கிறது என்று தோட்டக்காரருக்கே தெரியாது.

கொடிக்கு உள்ள மரியாதையையும் இவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருட்டில் கொடி பறந்தால் அதற்கு விளக்கு போட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். மலிவான விளக்கை வாங்கிப் போட்டால், அந்த விளக்கே ரேடியோவில் "கர்" என்று இரைச்சல் போடுவதும் உண்டு! கொடிக் கயிறும் இரும்பாக இருக்கக் கூடாது. நைலானாக இருக்க வேண்டும்.

விளையாட்டுக்கு அப்பாற்பட்ட விஷயம் ஒன்று உண்டு. 100 வாட் சக்தி ஓடும்போது வெறும் உலோகக் கம்பத்தைத் தொட்டால் கை சுட்டுவிடும். வெளிப்படையாக ஏரியல் என்று நின்றால் குழந்தைகளைப் பெரியவர்கள் தடுப்பார்கள். கொடிக்கம்பம் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்து கட்டிப் பிடிக்காதா? அதனால் பொறுப்புள்ளவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வரை பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். இடி இறங்க மண்ணில் தனிக் கம்பி அடிக்கிறார்கள். தம் நிலையத்தின் அலைகளால் அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கு வராது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதும் லைசென்சுதாரரின் கடமை.

ஏமாற்று வேலையா?

இது மோசடி என்பவர்கள் உண்டு. ஏரியல் வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அதையே கொடிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாரே! பிடிபட்டால் கோர்ட்டில் கொடி காப்பாற்றும் என்று நம்ப முடியாது. கொடிக்கம்பத்துக்குத்தான் சட்டம் அனுமதி தருகிறது. அதற்குள் இருக்கும் ஏரியலுக்குத் தருவதாகச் சட்டத்தில் வரி இல்லை.

கொடியைக் கேடயமாகப் பிடிப்பது கொடிக்கு அழகா என்று சில ஹாம்களே கேட்கிறார்கள். "கொடியும் நிஜம், மரியாதையும் நிஜம், கம்பம் இரண்டு வேலை செய்தால் என்ன?" என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

ரகசியமும் முழு ரகசியம் அல்ல. லைசென்சு வாங்கியவர் கொடுத்த முகவரி சர்க்கார் பட்டியலில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பல மாகாணங்களில் ஹாம்கள் தம் அடையாள எழுத்துகளையே கார் நம்பர் பலகையாக மாட்டிக்கொள்கிறார்கள். முற்றத்தில் ஏரியலை ஒளித்துவிட்டு, வாசலில் நிற்கும் காரில் "நான் ஹாம்" என்று பறைசாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்!

நஷ்டம் யாருக்கு?

அழகு, ஒப்பந்தம், கொடி என்று விவாதம் போய்க்கொண்டே இருக்கிறது. பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

புயல் அடித்து டெலிபோன் அறுந்து, பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வீட்டில் ஒரு ரேடியோ நிலையம் இருக்கிறது. பாட்டரி இருக்கிறது. ஆளும் இருக்கிறார். ஆனால் அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது! தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை பாடும் பட்டார்? அவராக வெளியே வந்து சொன்னால் உண்டு. சொன்னால் புயல் ஓய்ந்த பிறகு சங்கத்தின் நோட்டீஸ் வருமோ என்ற பயம் வேறு.

ஒளித்து வைத்த ஏரியல் பலம் குறைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கண்டம் தாண்டிப் போகும் அந்தக் குரல், 100 மைல் தூரத்தில் உள்ள ஊருக்குச் சரியாக எட்டாமல் போகலாம். செங்குத்துக் கம்பத்தின் சுபாவம் அது. பக்கத்து மாவட்டத்துடன் பேச, படுக்கை வாக்கில் நீண்ட கம்பி கட்டினால் நல்லது. அதைக் கொடிக்கம்பத்தில் ஒளிக்க வழி இல்லை.

வாஷிங்டனில் இழுபறி

ஹாம்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கப் பாராளுமன்றம் கேட்டுக்கொண்டபடி தகவல் தொடர்பு கமிஷன் 2012-ல் விஷயத்தை ஆராய்ந்தது. தனியார் ஷரத்துகளில் தலையிடும்படி சிபாரிசு செய்ய மறுத்துவிட்டது. பிறகு ஒரு மசோதா வந்தது. 2016-ல் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. செனட் சபையில் அது படுத்துவிட்டது. 2017 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை மறுபடியும் நிறைவேற்றியது. மறுபடியும் செனட்டில் படுத்தது.

அந்த மசோதா சங்கங்களோடு பேசி எழுதிய சமரசம். பயன்படக்கூடிய ஓர் ஏரியலுக்கு இடம் தர வேண்டும். ஆனால் ஹாம் முன்கூட்டியே சங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றது. "கேட்டால் அல்லவா மாட்டிக்கொள்வோம்?" என்று ஹாம்களில் ஒரு பகுதியினரே எதிர்த்தார்கள். ஒளிந்தே பழகியவர்களுக்கு விண்ணப்பம் எழுதக் கை வரவில்லை!

பின்னர் வேறு பெயரில், ஆபத்துக் கால உதவியை முன்னே வைத்து, ஒரு மசோதா அறிமுகம் ஆயிற்று. 2025-லும் இரண்டு சபைகளிலும் அது கொண்டுவரப்பட்டது. இதற்கிடையே அனுபவப்பட்ட ஹாம்கள் வீடு வாங்கப் போகும்போது அறைகளை எண்ணுவதற்கு முன் ஷரத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். கொடிக்கம்பத்துக்கும் வழி இல்லாத காலனிகளில் சிலர், இருட்டிய பிறகு மெல்லிய கம்பியை மரக்கிளையில் வீசிக் கட்டுகிறார்கள். பேசி முடித்ததும் சுருட்டி, விடிவதற்குள் உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள்.